ட்ரெயிலர் மட்டத்துக்கு வந்த கதை

அந்த பிக்கப்பில் ஏற எனக்கு ஒரு பால் கிரேட் தேவைப்பட்டது. டெயரி என்று சொல்கிற மூலைக்கடைக்காரர் வெளியில் அடுக்கி வைக்கிற நீலப் பிளாஸ்டிக் பெட்டி. முதலில் அதில் ஒரு கால், பிறகு கதவடிப் படியில் மற்றக் கால், அதற்குப் பிறகு இவர், என் புருசன், மேலேயிருந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டும். சீலையோடு இந்தச் சர்க்கஸ். நியூ லின் ஸ்டேஷனடியில் போகிற வருகிற சனமெல்லாம் பார்க்கும். "ஊர் உலகத்தில மனுசர் கார் வாங்குதுகள், நீங்கள் மாடிவீட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீங்கள்" என்று சொன்னேன். மனுசன் சிரித்துக்கொண்டு நின்றார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நாங்கள் ஆக்லாந்துக்கு வந்து கொஞ்சக் காலம்தான். ஊரில் இவர் ஒரு பெரிய ஆலையில் இயந்திரங்களுக்குப் பொறுப்பான எஞ்சினியர். இங்கே ஈஸ்ட் டாமாக்கியில் இரும்புத் தட்டு செய்கிற தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலை. நான் நியூ லின் மாலில் துடைக்கிற வேலை. அதைப்பற்றி எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. வாடகை கட்ட வேண்டும், கட்டினோம்.

இவருக்கு ஒரேயொரு தம்பி. கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு லொட்ஜ் அறைக்குள் இன்னும் சில பொடியளோடு கிடந்தான். ஊருக்குத் திரும்பினால் இயக்கம் பிடிக்கும், கொழும்பில் நின்றால் பொலிஸ் பிடிக்கும். அந்த வயதுப் பொடியளுக்கு அப்போது நிற்க ஒரு சாண் இடம் இல்லை. அவனை இங்கே எடுக்க வேண்டும். அதற்கு இங்கே அவனுக்கென்று ஒரு உண்மையான வேலை காத்திருக்க வேண்டும், அதை ஒரு தொழில் நடத்துகிறவர் பொறுப்பெடுத்துச் சொல்ல வேண்டும். ஆரிட்டைப் போய்க் கேட்கிறது? இவரையே பெட்டி கட்டத்தான் வைத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கண்ணாடி வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். ஈஸ்ட் டாமாக்கியில் இவருடைய தொழிற்சாலைக்குப் பக்கத்து வளவு. தக்காளியும் பூக்களும் வளர்க்கிற கண்ணாடி வீடுகளுக்கு இரும்புச் சட்டங்கள் செய்கிறவர். வெள்ளைக்காரர், நல்ல மனுசன், எப்போதும் அரைக் காற்சட்டையோடுதான் நிற்பார். தோட்டங்களுக்குப் போகிற ஒடுங்கிய பாதைகளில் பெரிய லொறி திரும்பாது, சின்ன ட்ரெயிலரில் அவருடைய நீளச் சட்டங்கள் அடங்காது, இதுதான் அவருடைய தலையிடி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலியோரம் நின்று கதைத்துக் கதைத்து, கடைசியில் இவர் சொல்லிவிட்டார்: நான் ஏற்றிக்கொண்டு போய்த் தருகிறேன். அதற்கு அவர், கோடைச் சீசன் தொடங்க முதல் வண்டியோடு வா, ஓட்டிக் காட்டு, சரியென்றால் இந்தச் சீசன் முழுவதும் வேலை உன்னுடையது, அது இரண்டு பேருக்குக் காணும் வேலை, நானே எழுத்திலும் சொல்லுகிறேன் என்றார்.

இரண்டு பேருக்குக் காணும் வேலை. அந்த இரண்டாவது ஆள்தான் தம்பி. அன்றைக்கு வீட்டுக்கு வந்த மனுசனுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

பிக்கப்பை முதலில் வாங்கினார். வடக்கே சேற்றுப் பண்ணையில் ஓடித் திரிந்த வண்டி. முன்னாள் சொந்தக்காரன் சேற்றுக்காகவென்று ஸ்பிரிங் வில்லுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தி, உழவு மெஷினுக்குப் போடுகிற மாதிரி டயரும் போட்டிருந்தான். ட்ரெயிலரைப் பிறகு, வேறொரு இடத்தில், வேறொரு ஆளிடம் வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலே வாங்கினார். கலியாணம் பேசுகிறதென்றாலும் எங்கட சனம் சாதகக் குறிப்பாவது பார்க்கும்.

அது சாதாரண ட்ரெயிலர் இல்லை. சாதாரணமானது பின் பம்பரில் கொழுவும், அவ்வளவுதான். இது கூஸ்நெக். முன்பக்கத்திலிருந்து ஒரு இரும்புக் கழுத்து எழும்பி, வளைந்து, பிக்கப்பில் சாமான் ஏற்றுகிற பின்தொட்டிக்கு மேலால் நீண்டு வந்து, தொட்டியின் நடுவில் பூட்டிய இரும்புக் குண்டின் மேல் உட்காரும். நான் அதை வாத்துக் கழுத்து என்றுதான் சொல்வேன். பாரம் நேரே பிக்கப்பின் பின்சில்லுக்கு மேல் இறங்கும், ஒடுங்கின இடத்திலும் வளைந்து திரும்பும். இவர் தேடியது அதைத்தான். அதில் பிழை சொல்ல மாட்டேன்.

பிழை எங்கே என்றால், பிக்கப் உயரம், ட்ரெயிலர் பதிவு, நிலத்தோடு ஒட்டின மாதிரி. முதல் நாள் கொழுவிப்போட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். ட்ரெயிலர் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது, வால் நிலத்தைத் தொடப் பார்த்தது. அப்படி ஓடினால் பாரமெல்லாம் கடைசிச் சில்லுகளில் இறங்கும், பிரேக் சூடேறும், வால் அங்கும் இங்கும் ஆடும் என்று இவரே சொன்னார்.

கழுத்தின் நுனியில் கீழே தொங்குகிற குழாயை நீட்டலாம், சுருக்கலாம். சுருக்கினால் ட்ரெயிலர் மட்டத்துக்கு வரும். ஆனால் கழுத்து தொட்டியின் பக்கச் சுவருக்கு மேலே விரல் நுழைகிற இடைவெளியில் வந்து நிற்கும், ரோட்டில் ஒரு மேடு பள்ளம் வந்தால் சுவரை நசுக்கிவிடும். நீட்டினால் சுவருக்கு மேலே தாராளமான இடம் வரும், மூக்கு மேலே போய்விடும். இதுதான் முழுப் பிரச்சினையும். இதுக்கு அது சரிவராது, அதுக்கு இது சரிவராது. மாதக் கணக்கில் எங்கள் வீட்டில் இதைவிட வேறு கதை இல்லை.

"பிக்கப்பைப் பதிச்சால் என்ன? உந்தக் கண்டறியாத டயரைக் கழட்டிப்போட்டு, மனுசர் ஓடுற டயரைப் போடுங்கோவன்" என்றேன்.

"தோட்டப் பாதை சேறப்பா. உயரம் வேணும்."

"கண்ணாடி வீட்டுக்காரர் சேறெண்டு சொன்னவரே?"

"உமக்கு விளங்காது."

எனக்கு விளங்கியது. இவர் தொழிற்சாலையில் நாள் முழுவதும் குனிந்து நின்று பெட்டி கட்டினார். இருபது வயதுப் பொடியன் வந்து, ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்து, காது கேட்காத ஆளுக்குச் சொல்கிற மாதிரிச் சத்தமாக வேலை சொல்வான். பின்னேரம் அந்த பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தால் மற்றக் கார்களின் கூரைகள் கீழே தெரியும். கிரேட் நோர்த் ரோடு முழுக்க அவருக்குக் கீழேதான் ஓடும். அந்த உயரத்தை விடச் சொன்னால் எப்படி விடுவார்? இதை அவருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு நாள் சாப்பிட மாட்டார்.

ஆகவே பிக்கப்பைப் பதிக்காமல் ட்ரெயிலரை உயர்த்தினார். சனிக்கிழமைகளில் வீட்டு முற்றத்தில் அதன் கீழே படுத்துக் கிடந்து, வில்லுக்கு மேலே இருந்த அச்சை வில்லுக்குக் கீழே மாற்றினார். வீட்டுச் சொந்தக்காரி வந்து எண்ணெய்க் கறையைப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போனாள். அவ்வளவு பாடுபட்டும் இன்னும் ஒரு கையகலம் வித்தியாசம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்புக்குப் போன் எடுப்போம். எங்களுக்குப் பின்னேரம், அங்கே காலமை. லொட்ஜ்காரர் மேலே பார்த்துக் கூப்பிடுவார், தம்பி படியிறங்கி ஓடிவருகிற சத்தம் கேட்கும். அவன் சுகம் கேட்க மாட்டான். "அண்ணை, மட்டத்துக்கு வந்திட்டுதே?" என்பான். அச்சு மாற்றினது, கையகலம் மிச்சம் நிற்கிறது, எல்லாம் அவனுக்குத் தெரியும். அங்கே பாரவண்டி ஓடப் பழகிக்கொண்டிருந்தான். என்னோடு கதைக்கும்போதும் அதுதான். "அண்ணி, அண்ணையை ஏசாதேங்கோ. அந்தக் கையகலம் பாரம் ஏத்தப் பதியும்." எனக்குச் சிரிப்பு வரும்.

பாரம் ஏற்றினால் பிக்கப்பின் பின்பக்கம் பதியும், பதிந்தால் கழுத்தும் பதியும், ட்ரெயிலர் மட்டத்துக்கு வரும். தம்பி சொன்னதேதான் இவருடைய கணக்கும். எவ்வளவு பதியும் என்று பார்த்து, அந்த உயரத்தில் குழாயை நிறுத்த வேண்டும். குழாயின் ஆணித் துளைகள் தேய்ந்து முட்டை மாதிரிக் கிடந்தன, ஆணி நிற்காது. ஆகவே அளவு எடுத்து, அந்த அளவில் வெல்ட் பண்ணப் போகிறார். வெல்ட் பண்ணினால் பண்ணினதுதான், பிறகு நீட்டலும் சுருக்கலும் இல்லை.

"பாரத்துக்கு எங்க போறது?" என்று கேட்டேன். "மண் மூட்டை வாங்குவமே?"

"என்னத்துக்கு மண்? எங்கட சனம் இருக்கே."

ஊரில் அவருடைய ஆலையில் அப்படித்தானாம். ஏதாவது பாலமோ மேடையோ புதிதாகக் கட்டினால் வேலையாட்களை ஏற்றி நிறுத்தித்தான் பார்ப்பார்களாம். மனுசப் பாரம் தானாக ஏறும், தானாக இறங்கும், கூலி ஒரு தேத்தண்ணி. கேட்கும்போது எனக்கும் அது கெட்டித்தனமாகத்தான் பட்டது.

பிள்ளைகளுக்கு ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கிற மண்டபத்துக்கு முன்னால் நல்ல மட்டமான கார் பார்க் ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். எங்கட சனமும் வந்தது, தமிழ்நாட்டுக்காரரும் வந்தார்கள், மலேசியாக்காரர் ஒரு குடும்பமும் வந்தது. புது வண்டிக்குப் பூசை, வடை, தேத்தண்ணி என்று சொன்னால் ஆக்லாந்தில் அப்போது ஆர் வராமல் விடுகிறது? பிள்ளைகள் இங்கிலீசில் கத்திக்கொண்டு சில்லுகளைச் சுற்றி ஓடினார்கள்.

இவர் ட்ரெயிலரின் பலகையில் சோக்கால் கட்டம் போட்டிருந்தார். கண்ணாடி வீட்டுச் சட்டம் எந்த இடத்தில் எவ்வளவு பாரமாக இருக்குமோ, அந்த இடத்தில் அவ்வளவு பாரத்துக்கு ஆட்கள் நிற்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் போய் நிறை கேட்டார். ஆம்பிளைகள் சொன்னார்கள். பெண்டுகள் சொல்லுவார்களா?

"அதெல்லாம் எதுக்குங்க? அம்பதுன்னு போட்டுக்குங்க" என்றா ஒரு கோயம்புத்தூர்க்காரி.

இவர் அவவை மேலும் கீழும் பார்த்தார். "பொய்ப் பாரம் போட்டால் பொய் அளவுதான் வரும்."

"ஆமா, உண்மையச் சொன்னா உங்க வண்டி தாங்காது."

எல்லாரும் சிரித்தோம். இவரும் சிரித்தார். கண்ணால் ஒரு நிறையை மதித்து அவவை நடுக் கட்டத்தில் நிறுத்தினார். நான் கடைசிக் கட்டத்தில், சில்லுக்குப் பின்னால்.

பூசை செய்தவர் பகலில் நகர மையத்தில் ஒரு பாங்கில் வேலை செய்கிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஐயர். ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம் தொடங்கும், அதற்கு முதல் எல்லாம் முடிய வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அந்த மாதம்தான் டேலைட் சேவிங் என்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அதனால் ராகுகாலம் உண்மையில் ஐந்தரைக்குத்தான் என்று ஒரு கட்சி. ராகுவுக்கு நியூசிலாந்து அரசாங்கம் சொன்னால் தெரியுமோ, அவர் சூரியனைப் பார்த்துத்தான் வருவார் என்று அதற்கு ஒரு விளக்கம். வேண்டாம், பாதுகாப்புக்கு நாலரை என்றே வைப்போம் என்று மற்றக் கட்சி. கதைத்துக் கதைத்து நாலே கால் ஆகிவிட்டது.

"சரி, நான் அளக்கிறன், நீங்கள் பூசையைச் செய்யுங்கோ, இரண்டும் ஒண்டா நடக்கட்டும்" என்று இவர் குமிழி பார்த்து மட்டம் பிடிக்கிற நீர்மட்டத்தையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு ட்ரெயிலருக்குக் கீழே போய்விட்டார்.

முன் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். ஐயர் பிக்கப்பின் மூக்குக்குக் கற்பூரம் காட்டத் தொடங்கினார். அந்த பிக்கப்தான் மலை மாதிரி முன்னால் நிற்கிறதே, பின்னால் நிற்கிறவர்களுக்கு என்ன தெரியும்? கற்பூரம் எரிகிறபோது அதைப் பார்க்காமல் எங்கட சனம் நிற்குமா? ஒவ்வொருவராகக் கட்டத்தை விட்டு முன்னுக்கு நகர்ந்தோம். பலகையின் முன் விளிம்பில், கழுத்தின் அடியில், எல்லாரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, எட்டிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றோம். நானும் நின்றேன். தம்பி வந்து சேர வேண்டும் என்று கும்பிட்டேன்.

கீழேயிருந்து இவருடைய குரல் கேட்டது. "வந்திட்டுது. அசையாதேங்கோ, மட்டத்துக்கு வந்திட்டுது."

ஒருவரும் அசையவில்லை. இவர் குழாயில் கோடு கீறிவிட்டு வெளியே வரும்போது சனம் இறங்கி வடைத் தட்டடிக்குப் போய்விட்டது. உடுப்பெல்லாம் மண், முகம் முழுக்கச் சந்தோசம். நினைத்ததைவிடக் கூடக் குழாயை நீட்டலாம், சுவருக்கு மேலே நல்ல இடம் வரும் என்றார். பிக்கப்பின் டயரைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கிழமை தொழிற்சாலையில் கேட்டு, கோடு கீறின இடத்தில் தானே வெல்ட் பண்ணினார். அழகான வெல்ட். நானே தடவிப் பார்த்தேன்.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாளில் நானும் வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடி வீட்டுக்காரர் ஃபோர்க்லிஃப்டால் சட்டங்களைத் தூக்கித் தூக்கி ஏற்றினார், இவர் சோக் கட்டம் பார்த்துப் பார்த்து இடம் காட்டினார். ஏற்றி முடிய இவர் தள்ளிப் போய் நின்று பார்த்தார். அந்த முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது. நானும் பார்த்தேன். மூக்கு மேலேதான் நின்றது. முதல் நாள் நின்ற அளவுக்கு இல்லை, ஆனால் மேலே.

"ஓடப் பதியும்" என்று சொல்லிவிட்டு ஏறி, என்னையும் இழுத்து ஏற்றினார். எனக்குச் சொன்னாரோ தனக்குத்தான் சொன்னாரோ தெரியாது.

வளவு வாசலில் தண்ணீர் ஓடுகிற கான் ஒன்று, சின்னப் பள்ளம். பிக்கப் அதைக் கடந்து ரோட்டில் ஏறியது. ட்ரெயிலர் பின்னால் வந்தது. பிறகு ஒரு சத்தம், இரும்பு கொங்கிரீட்டை விறாண்டுகிற சத்தம், என் பல்லெல்லாம் கூசியது. வால் நிலத்தில் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. இவர் மிதித்தார். பிக்கப்பின் பின்சில்லில் பாரமே இல்லை, அந்தப் பெரிய டயர்கள் சும்மா சுற்றிப் புகைந்தன. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே அரைவாசி.

வாகனங்கள் வந்து வரிசையாக நின்றன. ஒருவன்கூட ஹோர்ன் அடிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி ஒரு கெட்ட வார்த்தை சொன்னால்கூட மனதுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாரும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மேலே, அவ்வளவு உயரத்தில், கண்ணாடிக்குள் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

கண்ணாடி வீட்டுக்காரர் ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவந்து வாலைத் தூக்கிவிட்டு, சட்டங்களைத் தானே ஒவ்வொன்றாக இறக்கினார். ஏசவில்லை. இவருடைய தோளில் தட்டினார். நீ முயற்சி பண்ணினாய், ஆனால் என் சாமானை இதில் ரோட்டுக்கு விட மாட்டேன், அடுத்த கிழமை சீசன் தொடங்குகிறது, வேறு ஆளைப் பார்க்கப் போகிறேன் என்றார். இவர் இங்கிலீசில் சேர், சேர் என்று இரண்டு தரம் சொன்னார். தம்பியைப்பற்றிச் சொல்லுங்கோ, காலில் விழுந்தாவது கேளுங்கோ என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். என் இங்கிலீசுக்கு அப்போது தைரியம் காணாது.

வெற்று ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். முற்றத்தில் நிறுத்திவிட்டு, இயந்திரத்தை அணைத்துவிட்டு, இறங்காமல் இருந்தார்.

"அண்டைக்குக் கற்பூரம் காட்டேக்க நீர் எங்க நிண்டனீர்?"

"முன்னுக்கு."

"நீர் மட்டுமோ?"

"எல்லாரும்தான்."

சனம் முன்னுக்குக் குவிந்து அமர்த்தின அளவைத்தான் இவர் வெல்ட் பண்ணியிருந்தார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஏசியிருக்கலாம். "உங்களுக்கெல்லாம் ஒரு இடத்தில நிக்கத் தெரியாதே" என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம், நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், பாதி ஆறியிருக்கும். எனக்கு அந்தக் கோதாரி விழுந்த ட்ரெயிலரைக் கொளுத்த வேண்டும் போல் இருந்தது.

அடுத்த ஞாயிறு போன் எடுத்தோம். தம்பி வழமைபோல ஓடிவந்தான், ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது. அறையில் இருக்கிற பொடியள் எல்லாரும் ஆள் கடத்துகிற ஏஜென்சியால் நாட்டை விட்டு வெளிக்கிடப் போகிறார்களாம். இத்தாலிக்கு, பாதி விமானம், மீதி எப்படியோ. தனக்கும் ஒரு இடம் வைத்திருக்கிறார்களாம். லொட்ஜ் பக்கம் சோதனை கூடிவிட்டதாம். இரண்டு பேர் காதுக்கும் கேட்க ரிசீவரைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"அண்ணை, மட்டத்துக்கு வந்திட்டுதெண்டால் சொல்லுங்கோ, நான் நிக்கிறன். வரேல்லையெண்டால் இவங்களோட போறன்."

அந்தப் பாதையில் போனவர்களின் கதைகள் அப்போது ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கொண்டெய்னருக்குள் மூச்சடைத்தவர்கள், பனிக்குள் கால் போனவர்கள், கடலில் இறக்கிவிட்டுப் போனவர்கள். இவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"வந்திட்டுது" என்றார். "நில்லடா. எல்லாம் சரிவந்திட்டுது."

அந்தப் பக்கம் அவன் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது. "நான் சொன்னன்தானே அண்ணை, பாரம் ஏத்தப் பதியுமெண்டு."

போனை வைத்த பிறகு நான் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு விசரே? என்னத்தை வைச்சுக்கொண்டு அந்தப் பொடியனை நிக்கச் சொன்னீங்கள்?"

"அவனைக் கடலில தள்ளச் சொல்றீரோ?"

"உண்மையைச் சொல்லி அவனை யோசிக்க விட்டிருக்கலாம்."

"இரண்டு கிழமை தாரும். வெட்டித் திரும்ப ஒட்டிப்போட்டு, அந்த மனுசனிட்டத் திரும்பப் போறன். மனுசன் இரக்கமானவர்."

நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அடுத்த நாளே டயரைக் கழற்றினார். அந்தப் பெரிய டயர்களை வந்த விலைக்கு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, பழைய கடையில் சாதாரண டயர் வாங்கிப் போட்டார். வில்லுக்குக் கீழே இருந்த கட்டைகளை அடித்து வெளியே எடுத்தார். பிக்கப் பதிந்து, மற்ற வண்டிகளின் உயரத்துக்கு வந்தது. தன் வெல்ட்டைத் தானே கிரைண்டரால் வெட்டினார். இந்த முறை மண் மூட்டை வாங்கி, சோக் கட்டங்களில் ஒவ்வொன்றாக அடுக்கினார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன், கிட்டப் போகவில்லை. வேலை முடிந்து வந்து, சாப்பிடாமல், வெளிச்சம் இருக்கும்வரை அதோடேயே கிடந்தார். கண்ணாடி வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டும் பார்த்தார். வேறு ஆள் எடுத்தாயிற்று, அடுத்த வருசம் பார்ப்போம் என்றாராம். அதற்குப் பிறகும் வந்து ட்ரெயிலருக்குக் கீழே படுத்தார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். மண் மூட்டைகளோடு ட்ரெயிலர் நேர்கோடாக நின்றது. முன்னும் பின்னும் ஒரே உயரம், கழுத்துக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் நல்ல இடைவெளி. நீர்மட்டத்தின் குமிழி சரியாக நடுவில் நின்றது. "வடிவா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது?

அடுத்த நாள் ஞாயிறு. இவர் போன் எடுத்தார். லொட்ஜ்காரர் மேலே பார்த்துக் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை விடிய ஆமியும் பொலிசும் வந்து லொட்ஜைச் சுற்றி வளைத்தார்களாம், கதவு கதவாகத் தட்டி ஆட்களை ஏற்றினார்களாம். மற்றவர்களை மறுநாள் விட்டார்கள், தம்பியை விடவில்லை. கேட்கப் போன இடங்களில் அப்படி ஒரு ஆளைத் தாங்கள் பிடிக்கவில்லை என்றார்களாம். அதற்குப் பிறகு எத்தனையோ பேரைக் கொண்டு கேட்டோம், எழுதினோம், அங்கே போயும் வந்தோம். அவனைக் கண்டேன் என்று சொல்ல இன்றுவரை ஒருவர் இல்லை.

அவன் இனி வரவே மாட்டான் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. ரிசீவரைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். லொட்ஜ்காரர் அழுதுகொண்டுதான் கதைத்தார்.

"இவனோட இருந்த பொடியள் இத்தாலியில இறங்கிட்டாங்கள், நேற்று அங்கயிருந்து போன் எடுத்தவங்கள். இவனையும் வா வா எண்டு கையைப் பிடிச்சு இழுத்தவங்கள். அண்ணைக்கு ட்ரெயிலர் மட்டத்துக்கு வந்திட்டுது, நான் அங்க போய் ஓட வேணும் எண்டு சொல்லிப்போட்டு நிண்டிட்டான். அது வந்ததுதானே?"

"ஓம்" என்றார் இவர். "வந்திட்டுது."